இத்தாலிய ஆர்டிகிளும் இயலாமை என்னும் கற்பனையும்

தாய்மொழியில் ஆர்டிகிள் இல்லாத ஒருவருக்கு இத்தாலிய ஆர்டிகிள் ஒருநாளும் இயல்பாகக் கைவராது என்பதும், ஆகவே தமிழரோ மராத்தியரோ அதன் வடிவங்களை வாய்ப்பாடாக நெட்டுருப் போட்டுவிட்டு, எங்கே இடுவது, எங்கே விடுவது என்பதற்கு முன்பே கற்ற ஆங்கிலத்தை நம்பியிருக்க வேண்டும் என்பதும் இந்தியாவில் இத்தாலியம் கற்போரிடையே கேள்வியின்றி நிலைபெற்றுவிட்ட கருத்துகள். ஆர்டிகிளை அறவே விட்டுவிட்டாலும் கேட்பவர் புரிந்துகொள்வார், அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை என்ற ஆறுதல் மொழியும் இவற்றோடு சேர்ந்தே வழங்குகிறது. ஒன்று அச்சுறுத்துகிறது, ஒன்று குறுக்குவழி காட்டுகிறது, ஒன்று கைவிடச் சொல்கிறது. ஆனால் மூன்றும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆர்டிகிள் என்ற சொல்வகை ஒரு மொழியில் இல்லையென்றால் அச்சொல் ஆற்றும் பணியும் அம்மொழியில் இல்லை என்பதே அந்த அனுமானம். அது தவறு என்பதைத் தமிழ் இலக்கணமும் இத்தாலிய மொழியின் வரலாறும் சேர்ந்தே காட்டுகின்றன.

ஆர்டிகிள் என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அப்பெயர் குறிக்கும் பொருள் பேசுபவர் கேட்பவர் இருவருக்கும் முன்பே தெரிந்த ஒன்றா, அல்லது அப்போதுதான் பேச்சுக்குள் நுழைகிறதா என்பதை உணர்த்தும் சிறு சொல். முன்பே தெரிந்ததை உணர்த்துவதைக் குறித்த ஆர்டிகிள் என்றும், புதிதாக நுழைவதை உணர்த்துவதைக் குறியாத ஆர்டிகிள் என்றும் இங்கே வழங்கலாம். இத்தாலியத்தில் குறித்த ஆர்டிகிள் பெயரின் பாலையும் எண்ணையும் பெயர் தொடங்கும் ஒலியையும் பொறுத்து வடிவம் மாறும்: ஆண்பால் ஒருமையில் 'இல்', 'லோ', பெண்பால் ஒருமையில் 'லா', உயிரொலிக்கு முன் இரு பாலுக்கும் வெறும் 'ல்', பன்மையில் 'இ', 'ல்யி', 'லே'. குறியாத ஆர்டிகிள் 'உன்', 'ஊனோ', 'ஊனா' என வரும். வாய்ப்பாட்டுக்காரர்கள் மாணவரின் கையில் முதல்நாள் கொடுப்பது இந்தப் பட்டியலைத்தான்.

இத்தாலிய நிறுவனங்களின் ஆலைகள் பல உள்ள புணே மாவட்டத்தில் இது ஏட்டோடு நின்றுவிடும் சிக்கல் அன்று. அம்மாவட்டத்தில் தளேகாவ் என்ற பெயரோடு இரண்டு ஊர்கள் உள்ளன; இரண்டுமே இத்தாலியத் தொழிலின் நிழல் விழும் தூரத்தில் இருப்பது தற்செயலானாலும் சுவையான செய்தி. மாவள் வட்டத்துத் தளேகாவ் தாபாடே புணே–லோணாவளா புறநகர் ரயில் பாதையில் இருக்கிறது. அதே பாதையில் புணேயை நோக்கிச் சில நிலையங்கள் தள்ளி ஆகுர்டி வருகிறது. அங்கே ஆலை கொண்ட பஜாஜ் நிறுவனம்தான் 1960களில் பியாஜியோவின் உரிமத்தோடு வெஸ்பா ஸ்கூட்டர்களை இந்தியச் சாலைகளுக்குக் கொடுத்தது. இந்தத் தளேகாவுக்குக் கிழக்கே உள்ள சாகணில் பிரேக் செய்யும் பிரெம்போ இருக்கிறது. ஷிரூர் வட்டத்துத் தளேகாவ் டம்டெரேக்கு அருகிலுள்ள ராஞ்சண்காவில் டாட்டாவோடு கூட்டாக நடக்கும் ஃபியட் ஆலையும், அச்சுகளும் கியர் அமைப்புகளும் செய்யும் கர்ராரோவும் இருக்கின்றன. தெற்கே பாராமதியில் பியாஜியோ மூன்று சக்கர வண்டிகளைச் செய்கிறது. இப்பகுதியில் வேலைபார்க்கும் பொறியாளரில் தமிழரும் உண்டு. மிலானோவிலும் தொரீனோவிலும் உள்ள பொறியியல் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் செல்லும் இந்திய இளைஞர்களும் உண்டு. இவர்களுக்கு இத்தாலியம் இசைநாடக மொழியாகவோ ஓவிய மொழியாகவோ அறிமுகமாவதில்லை. உதிரிபாகப் பட்டியலாகவும் பெருஜியா நடத்தும் செலி, சியேனா நடத்தும் சில்ஸ் போன்ற தேர்வுகளாகவும் அறிமுகமாகிறது. ஆர்டிகிள் பிடிபடாது என்ற அச்சமும் அந்த முதல் அறிமுகத்தோடு சேர்ந்தே அவர்கள் மனத்தில் ஏறிவிடுகிறது.

அச்சத்துக்கு முதல் மறுப்பு இத்தாலியத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இத்தாலியத்தின் தாயான லத்தீனில் ஆர்டிகிள் கிடையாது. தம் மொழிக்கு அது தேவையில்லை என்பதைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன் குறிப்பிட்டிருக்கிறார். கிரேக்கத்தில் அது இருப்பதை நன்கு அறிந்தவர் அவர். சேய்மைச் சுட்டான 'இல்லே' என்ற லத்தீன் சொல், அதாவது தமிழில் 'அந்த' என்பதற்கு நிகரான சொல், நூற்றாண்டுகள் தேய்ந்து 'இல்', 'லோ', 'லா' ஆயிற்று. 'ஒன்று' என்ற பொருள் தரும் 'ஊனுஸ்' தேய்ந்து 'உன்', 'ஊனோ' ஆயிற்று. ஆர்டிகிள் இல்லாத மொழியைப் பேசிய மக்களின் வாயிலிருந்தே ஆர்டிகிள் பிறந்தது என்றால், தெரிந்தது, தெரியாதது என்ற வேறுபாடு அச்சொல் பிறக்குமுன்பே அவர்கள் பேச்சில் இருந்திருக்க வேண்டும். இல்லாத வேறுபாட்டைக் குறிக்க எந்த மொழியும் சொல்லைச் செலவழிப்பதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 1680இல் இத்தாலியின் கஸ்திலியோனேயில் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, தமிழர் வீரமாமுனிவர் என்று போற்றும் அந்தப் பாதிரியார், ஆர்டிகிள் நிறைந்த தாய்மொழியோடு தமிழ்நாட்டுக்கு வந்து, ஆர்டிகிளே இல்லாத மொழியில் தேம்பாவணி என்ற பெருங்காப்பியத்தை எழுதினார். ஆர்டிகிள் இல்லாததால் அதில் ஏதேனும் ஒரு செய்யுள் தெளிவிழந்தது என்று எவரும் குறைப்பட்டதில்லை. கொடுந்தமிழுக்கு அவர் எழுதித் தரங்கம்பாடியில் 1738இல் அச்சான இலக்கணமும் லத்தீனில்தான் இருக்கிறது. ஆர்டிகிள் அற்ற ஒரு மொழியை ஆர்டிகிள் அற்ற இன்னொரு மொழியால் விளக்குவதில் அந்த இத்தாலியருக்கு இடர்ப்பாடு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆர்டிகிள் உள்ள மொழியிலிருந்து இல்லாத மொழிக்கு வருவது எளிது, மறுதிசைதான் கடினம் என்று இதற்கு மறுமொழி கூறப்படலாம். அம்மறுமொழி நிற்க வேண்டுமானால், தமிழில் அப்பணியைச் செய்யும் கருவிகள் எவையும் இல்லை என்று காட்டியாக வேண்டும். அவ்வாறு காட்ட முடியாது என்பதே இக்கட்டுரையின் மையம்.

செயப்படுபொருளில் தொடங்கலாம். பட்டறையில் ஒருவர் 'ஸ்பேனர் எடு' என்றால் ஏதாவது ஒரு ஸ்பேனர் போதும். 'ஸ்பேனரை எடு' என்றால் இருவரும் அறிந்த அந்த ஒன்றை எடுக்க வேண்டும். இத்தாலியத்தில் முதலாவது 'ப்ரெந்தி ஊனா கியாவே', இரண்டாவது 'ப்ரெந்தி லா கியாவே'. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு வெளிப்படுவதும் மறைவதும் இங்கே ஆர்டிகிளின் வேலையையே பெரும்பாலும் செய்துவிடுகிறது. உயர்திணைப் பெயரில் அவ்வுருபு மறையாது வரும் என்பதையும் அஃறிணையில் அதற்கு நெகிழ்ச்சி உண்டு என்பதையும் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் தொகைமரபே பதிவு செய்திருக்கிறது. தற்காலத் தமிழ் பற்றித் தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இலக்கணம், அஃறிணையில் அந்த நெகிழ்ச்சி பொருள் குறித்ததா, குறியாததா என்பதோடு இயைந்திருப்பதை விளக்குகிறது.

எழுவாயில் இந்த உருபுக்கு இடமில்லை என்பது உண்மை. அங்கே தமிழ் சொல்வரிசையைக் கையாளுகிறது. 'மேசைமேல் சாவி இருக்கிறது' என்பதில் சாவி புதிய செய்தி. 'சாவி மேசைமேல் இருக்கிறது' என்பதில் சாவி இருவரும் தேடிக்கொண்டிருந்த பொருள். இத்தாலியம் முதலாவதை 'ச்சே ஊனா கியாவே ஸுல் தாவொலோ' என்றும், இரண்டாவதை 'லா கியாவே எ ஸுல் தாவொலோ' என்றும் சொல்கிறது. அங்கே ஆர்டிகிள் மாறுவதோடு சொல்வரிசையும் தமிழில் மாறுவதுபோலவே மாறுகிறது என்பதை வாய்ப்பாட்டுப் பட்டியல் ஒருபோதும் காட்டாது. தமிழர் ஒருவர் இவ்விரு தமிழ்த் தொடர்களையும் பிழையின்றி இடமறிந்து பயன்படுத்துகிறார் என்றால், ஆர்டிகிளுக்கு அடிப்படையான வேறுபாடு அவருக்குப் புலப்படவில்லை என்று எப்படிச் சொல்ல இயலும்?

இவற்றினும் வலுவான சான்று முற்றும்மை, அதாவது சொல்லப்பட்டவை முழுதும் அடங்கும் என்று உணர்த்தும் 'உம்'. 'மூன்று தொழிலாளர் வந்தனர்' என்றால் யாரோ மூவர்; 'மூன்று தொழிலாளரும் வந்தனர்' என்றால் முன்பே பேச்சில் இருந்த மூவர், அவர்களில் ஒருவரும் விடுபடாமல். இத்தாலியத்தில் முதலாவதற்கு 'த்ரே ஒபெராயி' போதும். இரண்டாவதற்கு 'இ த்ரே ஒபெராயி' என்று குறித்த ஆர்டிகிள் வந்தாக வேண்டும். இன்ன அளவினது என்று முன்பே அறியப்பட்ட பொருள் வினையோடு முடியும்போது உம்மை பெறும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் வகுத்த விதி. கண் இரண்டும் வலிக்கின்றன என்கிறோம், கண் இரண்டு வலிக்கின்றன என்பதில்லை. ஒருவருக்குக் கண் இரண்டு என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். அறியப்பட்ட பொருள் என்ற கருத்தை இலக்கண விதியின் நிபந்தனையாகவே எழுதிவைத்த மரபின் வாரிசுகளுக்கு அக்கருத்து அந்நியமானது என்று கூறுவதை அறியாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆர்டிகிள் இல்லாத மொழிகளைப் பேசுவோர் ஆர்டிகிள் உள்ள மொழிகளைக் கற்கும்போது அதை விடுவதும் மாற்றி இடுவதும் மிகுதி என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஆங்கிலம் கற்கும் ரஷ்யரையும் கொரியரையும் பற்றி ஐயோனின், கோ, வெக்ஸ்லர் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் அதிகம் பேசப்படுவது. ஆனால் அதன் முடிவை ஊன்றிப் படிப்பவர் இயலாமையைக் காண்பதில்லை. மாணவரின் பிழைகள் சீரற்றுச் சிதறாமல் ஒரு திசையில் குவிந்திருந்தன என்பதும், கேட்பவருக்குத் தெரிந்ததா என்ற வேறுபாட்டுக்கும் பேசுபவர் மனத்தில் குறிப்பாக ஒன்று இருக்கிறதா என்ற வேறுபாட்டுக்கும் இடையே அவர்கள் ஊசலாடினர் என்பதும்தான் அங்கே கண்டறியப்பட்டவை. பிழையில் ஒழுங்கு இருப்பது பொருளுணர்வு இருப்பதற்கு அடையாளம். எந்த வேறுபாட்டை இந்த மொழி தேர்ந்துகொண்டது என்பதில்தான் தடுமாற்றம்.

அதே தடுமாற்றத்துக்குத் தமிழிலும் இடம் உண்டு, ஏனெனில் 'ஐ' உருபு குறித்த ஆர்டிகிளுக்கு நேர் நிகரானது அன்று. 'ஒரு புத்தகம் தேடுகிறேன்' என்பவருக்கு எந்தப் புத்தகமும் போதும். 'ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்' என்பவர் மனத்தில் குறிப்பிட்ட ஒரு புத்தகம் இருக்கிறது, ஆயினும் கேட்பவருக்கு அது தெரியாது. இத்தாலியத்தில் இரண்டுக்கும் 'செர்க்கோ உன் லீப்ரோ' ஒன்றே. 'ஐ' கண்ட இடமெல்லாம் 'இல்' போடும் தமிழர் இங்கே தவறுவார். ஆனால் இத்தாலியமும் அவ்வேறுபாட்டைத் தொலைத்துவிடவில்லை. அதை ஆர்டிகிளிலிருந்து எடுத்து வினைக்குக் கொடுத்திருக்கிறது. 'இலக்கணத்தை விளக்கும் ஒரு புத்தகம்' என்று விரித்துச் சொல்லும்போது, குறிப்பிட்ட புத்தகமானால் வினை சாதாரண நிலையில் 'ஸ்பியேகா' என்றும், அப்படி ஏதாவது ஒன்று கிடைத்தால் போதுமென்றால் ஐயத்தையும் விருப்பத்தையும் குறிக்கும் கொஞ்ஜுந்தீவோ என்ற வினைநிலையில் 'ஸ்பியேகி' என்றும் வரும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குக் கொஞ்ஜுந்தீவோ பெரும் மலையாகத் தோன்றும் இடத்தில், உருபை இடுவதா விடுவதா என்று நாள்தோறும் முடிவு செய்யும் தமிழருக்கு இந்த ஒரு பயன்பாடேனும் பழகிய பொருளைப் புது உடையில் காட்டுகிறது. இயலாமை என்று கருதப்பட்ட இடத்தில் கூடுதல் உணர்வே இருக்கிறது; அதைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிடுவதே ஆசிரியரின் வேலை.

ஆங்கிலத்தின் வழியே செல்லலாம் என்ற குறுக்குவழி இதைவிடக் கெடுதலானது. ஆங்கிலத்தில் 'தி' வரும் இடங்களிலெல்லாம் இத்தாலியத்தில் குறித்த ஆர்டிகிள் வரும் என்று வைத்துக்கொண்டாலும், அது வராத நூறு இடங்களில் இத்தாலியம் ஆர்டிகிளைக் கேட்கிறது. காப்பி உடம்புக்கு ஆகாது, தங்கம் விலை ஏறிவிட்டது, பொறுமை நல்லது என்பனபோலப் பொதுவாகப் பேசும்போது ஆங்கிலம் பெயரை வெறுமையாக விடுகிறது; இத்தாலியமோ 'இல் கஃபே', 'லோரோ', 'லா பாட்ஸியென்ட்ஸா' என்று ஆர்டிகிளோடுதான் சொல்லும். ஆங்கிலத்தின் வழியே வந்தவர் இவற்றைத் தனித்தனி விதிவிலக்காகக் கற்க, தமிழர் ஒரே விதியாகக் கற்கலாம்: 'ஒரு', 'சில' போன்ற அடை ஏதுமின்றி ஒரு பெயர் வாக்கியத்தின் தலையில் எழுவாயாக நிற்கும்போது இத்தாலியத்தில் அதற்குக் குறித்த ஆர்டிகிள் ஏறத்தாழ எப்போதும் உண்டு. கையைக் கழுவினேன் என்று தமிழர் சொல்லும்போது யாருடைய கை என்று சொல்வதில்லை. இத்தாலியரும் 'மி லாவோ லே மானி' என்று ஆர்டிகிளோடு நிறுத்திக்கொள்கிறார். என் கை, உன் கை என்று உரிமைப் பெயரை வற்புறுத்துவது ஆங்கிலம் மட்டுமே. உரிமைப் பெயர் வரும் இடத்திலோ ஆங்கிலம் ஆர்டிகிளை விலக்க, இத்தாலியம் 'லா மீயா காஸா' என்று இரண்டையும் சேர்த்தே வைக்கிறது. தாய், தந்தை, உடன்பிறந்தார் போன்ற உறவுப்பெயர் ஒருமையில் அடையின்றி வரும்போது மட்டும் 'மீயா மாத்ரே' என்று ஆர்டிகிளை உதிர்த்துவிடுகிறது.

கிழமைப் பெயர்களில் ஆங்கில வழி வெறும் பிழையாக நிற்காமல் வேலையையே கெடுக்கக்கூடும். 'லூனெதி' என்று ஆர்டிகிள் இன்றிச் சொன்னால் வருகிற அல்லது கடந்துபோன ஒரு திங்கட்கிழமை. 'இல் லூனெதி' என்று ஆர்டிகிளோடு சொன்னால் ஒவ்வொரு திங்கட்கிழமையும். ஆங்கிலப் பழக்கத்தோடு இதைப் படிப்பவர், ஆர்டிகிள் இருப்பதால் குறிப்பிட்ட ஒரு திங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நேர் எதிராகப் பொருள் கொள்வார். இயந்திரப் பராமரிப்பு அட்டவணையில் இப்பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி வடிவங்கள். 'இல்' எங்கே, 'லோ' எங்கே என்ற பட்டியல் மாணவரை மிரட்டுவது அதன் காரணம் சொல்லப்படாததால்தான். 'ஸ்' என்ற ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கும் சொற்கள், 'ட்ஸ்' என்று தொடங்கும் சொற்கள், 'ப்ஸ்', 'ப்ன்' போன்ற கூட்டுகள், 'ஞ்' ஒலியோடு தொடங்கும் சில சொற்கள் ஆகியவற்றுக்கு முன் 'லோ' வரும் என்று நூல்கள் அடுக்குகின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: அவை ஒரே அசைக்குள் அடங்காத கனத்த தொடக்கம் கொண்டவை, முன்னால் ஓர் உயிரொலி நின்றால் அதன்மேல் சாய்ந்து பிளந்துகொள்பவை. கண்ணாடிக்குரிய சொல் 'லோஸ்–பெக்–கியோ' என்றுதான் அசை பிரியும். 'இல்' என்று மெய்யில் முடியும் வடிவம் அங்கே நின்றால் மூன்று மெய்கள் நாவில் முட்டிக்கொள்ளும். மாறாக 'த்ரேனோ', 'ப்ரொப்லேமா' போன்றவற்றின் மெய்க்கூட்டு இலகுவானது, ஒரே அசைக்குள் அடங்கும், ஆகவே அவற்றுக்கு 'இல்' போதும்.

இது புணர்ச்சி, நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் நிகழும் மாற்றம். இதற்கென்றே எழுத்ததிகாரத்தில் இயல் இயலாக ஒதுக்கிய இலக்கணத்தின் மாணவருக்கு இதை விதிவிலக்குப் பட்டியலாக ஊட்டுவது ஏன் என்று விளங்கவில்லை. உயிருக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்று எழுதிப் பழகியவருக்கு 'உன்', 'ஊனோ' என்ற மாற்றம் புதுமையாகாது. மெய்ம்மயக்கத்தோடு சொல் தொடங்குவதைத் தமிழ் நாவும் ஏற்பதில்லை. அதனால்தான் ஸ்கூல் கிராமத்து வாயில் இஸ்கூல் ஆகிறது. பழைய இத்தாலியரும் அதையே செய்தனர்: மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் 'ஸ்' கூட்டு வந்தால் முன்னால் ஓர் 'இ' சேர்த்தனர், 'எழுத்து மூலமாக' என்ற பொருளில் இன்றும் அலுவலகங்களில் வழங்கும் 'பெர் இஸ்க்ரித்தோ' அதன் எச்சம். பழங்கால இத்தாலியத்தில் 'லோ' பரவலாக இருந்து, முந்தைய சொல் உயிரில் முடிந்த இடங்களில் 'இல்' தோன்றி, பிறகு ஏனைய இடங்களையும் கைப்பற்றியது. 'பெரும்பாலும்' என்ற பொருளுடைய 'பெர் லோ பியூ' என்ற தொடரில் விதிக்கு மாறாக 'லோ' நிற்பது அந்தப் பழைய ஆட்சியின் அடையாளம். ஸ்ரீ என்று தொடங்குவதால் இலங்கை இத்தாலியருக்கு 'லோ ஸ்ரீ லங்கா' ஆகிறது; தமிழ்நாடு 'இல் தமில் நாது' ஆகிறது. காரணம் புரிந்தவருக்கு இவ்விரண்டையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாகனத் தொழிலின் சொற்களே இதற்கு நல்ல பயிற்சிக் களம். ஸ்டியரிங் 'லோ ஸ்தெர்ட்ஸோ', பக்கக் கண்ணாடி 'லோ ஸ்பெக்கியெத்தோ', புகைபோக்கி 'லோ ஸ்காரிக்கோ', வார்ப்பு அச்சு 'லோ ஸ்தாம்போ', பிரேக் 'இல் ஃப்ரேனோ', எஞ்சின் 'இல் மோத்தோரே'. டயரைக் குறிக்கும் 'ப்னேயுமாத்திகோ' என்ற சொல்லுக்கு இலக்கண நூல்கள் 'லோ' வேண்டும் என்கின்றன. பேச்சில் 'இல்' என்பதும் பரவலாகக் கேட்கிறது. இத்தாலியரே தம்முள் இசையாத இடத்தில் வேற்றுநாட்டு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது வாய்ப்பாட்டு முறைக்கே உரிய நகைச்சுவை.

மெய்யான இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஆனால் அது ஆர்டிகிளில் இல்லை, பாலில் இருக்கிறது. தமிழில் பால் பொருளைப் பின்பற்றுகிறது: உயர்திணையில்தான் ஆண், பெண், சாவிக்கும் எஞ்சினுக்கும் அப்பேச்சே இல்லை. இத்தாலியத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பால் உண்டு, அதற்குப் பொருளில் காரணம் தேடிப் பயனில்லை. இங்கேதான் 'இந்திய மாணவர்' என்ற பொதுச்சொல் உடைகிறது. தளேகாவின் மராத்தி மாணவருக்கு உயிரற்ற பொருள்களுக்கும் மூன்று பால் சொல்லி, அதற்கேற்ப அடையையும் வினையையும் மாற்றிப் பேசுவது குழந்தைப் பழக்கம். இத்தாலியத்தின் இரண்டு பால் அவருக்குக் குறைவுதான். அதே வகுப்பில் அருகில் அமர்ந்திருக்கும் தமிழருக்கு அது புத்தம் புதிது. இருவருக்கும் தாய்மொழியில் ஆர்டிகிள் இல்லை. ஆயினும் இருவரும் தடுக்கி விழும் இடங்கள் வேறு. ஆர்டிகிள் இன்மையே பிழைகளுக்கு மூலகாரணம் என்ற கருத்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

பாலின் சிக்கலுக்கு ஆர்டிகிளே மருந்து என்பது இன்னும் கவனிக்கத் தக்கது. ஒகரத்தில் முடிந்தால் ஆண்பால், அகரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதியை நம்பினால் கையைக் குறிக்கும் 'மானோ' ஏமாற்றும், சிக்கலைக் குறிக்கும் 'ப்ரொப்லேமா' ஏமாற்றும்; எகரத்தில் முடியும் சொற்களிலோ ஈற்றெழுத்து மட்டும் தடயம் தருவதில்லை. 'மோத்தோரே' ஆண்பால், கிளட்சைக் குறிக்கும் 'ஃப்ரிட்ஸியோனே' பெண்பால் என்பதை அந்த ஈற்று எகரம் சொல்லாது, முன்னால் நிற்கும் ஆர்டிகிள் சொல்லும். ஆகவே 'லா மானோ', 'இல் ப்ரொப்லேமா', 'லா ஃப்ரிட்ஸியோனே' என்று பெயரையும் ஆர்டிகிளையும் பிரிக்காமல் ஒரே சொல்லாகக் காதில் ஏற்றிக்கொள்பவருக்குப் பால் தனியே கற்க வேண்டிய பாடமாக மிஞ்சாது. ஆர்டிகிளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொற்பட்டியலை மொட்டையாக மனப்பாடம் செய்யவைக்கும் முறை, நோயைக் கொடுத்துவிட்டு மருந்தையும் பறித்துக்கொள்கிறது.

விட்டுவிட்டாலும் புரியும் என்ற ஆறுதலுக்கு இதுவே விடை. 'இல் ஃபீனே' குறிக்கோள், 'லா ஃபீனே' முடிவு. 'இல் காப்பித்தாலே' முதலீட்டுப் பணம், 'லா காப்பித்தாலே' தலைநகரம். 'இல் ஃப்ரொந்தே' போர்முனை, 'லா ஃப்ரொந்தே' நெற்றி. பெயர் ஒன்றே, பொருளைப் பிரிப்பது ஆர்டிகிள் மட்டுமே. பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இத்தாலியமுமாக வளர்கிறார்கள். அவர்களுக்கு ஆர்டிகிளை விட்டுப் பேசலாம் என்று யாரும் சலுகை காட்டவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. குழந்தைக் காதும் வளர்ந்தவர் காதும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் இந்தச் சான்று மறுப்பது காதின் வயதைப் பற்றிய கருத்தை அன்று, தமிழ் பேசும் மனத்தைப் பற்றிய கருத்தை.

தமிழும் உதவாத, லத்தீனும் உதவாத, காரணம் தேடினாலும் பாதிவழியில் நின்றுவிடும் இடங்கள் சில எஞ்சுகின்றன. அவை பெரும்பாலும் முன்னிடைச் சொற்களைச் சார்ந்தவை. தமிழின் 'இல்' என்ற இட உருபின் பொருள் தரும் இத்தாலிய 'இன்' என்ற சொல், ஆர்டிகிளோடு சேரும்போது 'நெல்', 'நெல்லா' என்று உருமாறும். நாட்டின் பெயர் தனித்து வந்தால் 'இன் இந்தியா' என்று ஆர்டிகிள் உதிர்கிறது; தென்னிந்தியா என்று அடை சேர்ந்தவுடன் 'நெல்லிந்தியா மெரிதியொனாலே' என்று திரும்ப வருகிறது. ஆலையில் வேலைபார்க்கிறார் என்று பொதுவாகச் சொன்னால் 'இன் ஃபாப்ரிகா'. ராஞ்சண்காவ் ஆலையில் என்று குறிப்பிட்டால் 'நெல்லா ஃபாப்ரிகா தி ராஞ்சண்காவ்'. இங்கே அடை சேர்வதால் பொருள் குறிப்பானதாகிறது என்ற விளக்கம் ஓரளவு கைகொடுக்கும். அலுவலகத்தில் என்பதற்கு 'இன் உஃபீச்சியோ', திரையரங்கில் என்பதற்கு 'அல் சீனெமா' என்று ஒன்றில் ஆர்டிகிள் இல்லாமலும் இன்னொன்றில் ஆர்டிகிளோடும் ஏன் வருகின்றன என்ற கேள்விக்கு அது கைகொடுக்காது. மனப்பாடத்துக்கு வேலை இருப்பது இந்தக் குறுகிய நிலத்தில்தான். இங்கே தமிழ் மாணவரும் ஆங்கில மாணவரும் ஒரே நிலையில் நின்று, ஒரே அளவு படித்தும் கேட்டும்தான் தேற வேண்டியிருக்கிறது.